வண்டி விலைக்கு மேல் கடன் நிற்கிறது, பெரிய கார் வாங்கலாமா?

கேள்வி

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் டாகுமென்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000. மூன்றரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இரண்டாவது குழந்தை வரும் ஏப்ரலில் பிறக்கும். அதன் பிறகு ஒரு வருடம் மனைவி வேலைக்குப் போக மாட்டாள். முழங்கால் வலியோடு அம்மாவும் எங்களுடன்தான் இருக்கிறார்.

2023 ஜூனில் ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் எடுத்தேன். ஷோரூம் விலை 6.70 லட்சம், ஆன் ரோடு 8.15 லட்சம். 55,000 மட்டும் கையிலிருந்து போட்டு, 7.60 லட்சத்தை 84 மாதக் கடனாக வாங்கினேன். வட்டி 10 சதவீதம், மாதம் 12,617 கட்டுகிறேன். 30 தவணை கட்டிவிட்டேன். இன்னும் 5,46,840 பாக்கி என்கிறார்கள். முன்கூட்டியே முடித்தால் 3 சதவீதக் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் உண்டாம்.

ஏழு சீட்டர் பார்க்கப் போனோம். 10.90 லட்சம் விலை, ஆன் ரோடு 13.40 லட்சம். எங்கள் காரை 4.20 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு, "பழைய லோனை நாங்களே க்ளோஸ் பண்ணிடறோம்" என்கிறார் சேல்ஸ்மேன். குறையும் பணத்துக்கு பர்சனல் லோன், புது வண்டிக்கு 100 சதவீத லோன், இரண்டுக்கும் அவரே ஏற்பாடு செய்கிறாராம். 11,000 கட்டி புக்கிங் போட்டுவிட்டேன். யார்டில் ஒரு நண்பர், "வண்டியை எனக்குக் கொடு, மீதி டியூவை நான் கட்டிக்கிறேன்" என்றும் கேட்கிறார். பிரசவத்துக்கென்று 90,000 ஒதுக்கி வைத்திருக்கிறோம். வளைகாப்புக்குள் வண்டியை மாற்றிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. எது சரி, சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்

தம்பி, வரப்போகும் குழந்தைக்கு என் வாழ்த்துகள். புக்கிங்கை ரத்து செய்துவிடுங்கள். வண்டியை நண்பரிடமும் கொடுக்காதீர்கள். இருக்கும் காரையே இன்னும் ஒன்றரை வருடம் ஓட்டுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கான கணக்கு முழுவதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

பழைய லோனை அவர்கள் முடிப்பதாகச் சொல்வதை முதலில் பார்ப்போம். பாக்கி 5,46,840. முன்முடிப்புக் கட்டணமும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 19,358. ஆக, கடனை மூட 5,66,200 ரூபாய் வேண்டும். உங்கள் வண்டிக்கு அவர்கள் போட்டிருக்கும் விலை 4,20,000. துண்டு விழும் 1,46,200 ரூபாயை ஷோரூம் தன் கையிலிருந்து போடப்போவதில்லை. அது பர்சனல் லோனாக உங்கள் தலையில்தான் வந்து நிற்கும். 14 சதவீத வட்டியில் 36 மாதம் என்று வைத்தால், அதற்கு மட்டும் மாதம் 4,997. புது வண்டியின் 13.40 லட்சத்தை 9.25 சதவீதத்தில் 84 மாதத்துக்கு வாங்கினால் தவணை 21,730. இரண்டும் சேர்ந்து 26,727.

மனைவியின் சம்பளம் நிற்கும் வருடத்தில் உங்கள் 58,000-ல் இது போக 31,273 மிஞ்சும். வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து, தடுப்பூசி, பால், பெட்ரோல் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். ஒரு மாதம் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால்கூடத் தவணை தவறும்.

மாதத் தவணையைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. ஒரு வருடம் ஒழுங்காகத் தவணை கட்டுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். புது வண்டிக் கடனில் 11.97 லட்சமும் பர்சனல் லோனில் 1.04 லட்சமும் பாக்கி இருக்கும். மொத்தம் 13 லட்சத்துக்குச் சற்று மேல். ஓராண்டு தாண்டிய வண்டிக்குக் காப்பீட்டில் 20 சதவீதம் தேய்மானம் கழிப்பது வழக்கம். அந்தக் கணக்கில் புது வண்டியின் மதிப்பு 8.72 லட்சம். இன்று ஒன்றரை லட்சத்துக்கும் குறைவாக இருக்கும் பள்ளம் அடுத்த வருடம் 4.29 லட்சமாகும். அப்போது வேலை மாறினாலும், ஊர் மாறினாலும், உடம்புக்கு முடியாமல் போனாலும், வண்டியை விற்று வெளியே வர வழியே இருக்காது.

இந்த நிலை எப்படி வந்தது என்று பாருங்கள், அடுத்த வண்டிக்கு உதவும். 2023-ல் 6.70 லட்சம் விலையுள்ள காருக்கு நீங்கள் வாங்கிய கடன் 7.60 லட்சம். ஆயுட்கால வரி, இன்சூரன்ஸ், சீட் கவர், கூடுதல் வாரண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு வருடம் வட்டி கட்டுகிறீர்கள். வண்டியை விற்கும்போது இவற்றுக்கு யாரும் தனியாக விலை போடுவதில்லை. முதல் நாளே கடன் வண்டி விலையைவிட 90,000 மேலே இருந்தது. 84 மாதத் தவணை என்பதால் அசலும் மெதுவாகத்தான் கரைந்தது. இதுவரை நீங்கள் கட்டிய 3,78,510 ரூபாயில் 1,65,350 வட்டிக்கே போயிருக்கிறது.

இதற்கு மேல் ஒரு அடி, உங்கள் கையில் இல்லாதது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு அதுவரை செஸ்ஸோடு 29 சதவீதம். வரிக் குறைப்பு முழுதும் விலையில் இறங்கினால் 6.70 லட்சத்துக் கார் 6.13 லட்சத்துக்குக் கிடைக்கும். புது வண்டி 57,000 இறங்கும்போது பழைய வண்டியும் கூடவே இறங்குகிறது. வாங்குகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. உங்களைப் போல ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு விற்பனை விலையில் விழுந்த ஓட்டை. அதனால் 4.20 லட்சம் என்று கேட்டதும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே சமயம், ஒரே ஒரு ஷோரூம் சொன்ன விலையை முடிவாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, வண்டிக்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். புது வண்டியில் தர வேண்டிய தள்ளுபடியையே பழைய வண்டி விலையில் ஏற்றிக் காட்டுவது சகஜம்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கிறது, கடன் கொடுத்தவர்களின் பெயரும் ஹைப்பாதிகேஷனாக ஏறியிருக்கிறது. அவர்கள் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் தராமல் வண்டியின் மேல் உள்ள அடமானம் நீங்காது. முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தால், அது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள பேச்சுக்குத்தான் சாட்சி. கடன் ஒப்பந்தப்படி நீங்கள் செய்தது மீறல். அவர் இரண்டு டியூ தவறினால் உங்கள் சிபில் ஸ்கோர்தான் விழும், வசூலுக்கு வருகிறவர்கள் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

விபத்து நடந்தால் இன்னும் மோசம். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நாளில் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. டிரெய்லர்களுக்கு நடுவே டூ வீலர்கள் நெளிந்து போகும் எண்ணூர் விரைவு சாலையில், வேறொருவர் ஓட்டும் வண்டிக்கு நீங்கள் பொறுப்பாக இருக்கவே கூடாது. நட்பு கெடாமல் மறுக்க வேண்டுமானால், "லோனை உன் பெயரில் புதிதாகப் போட்டு என் கணக்கை முடி, அன்றைக்கே படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். அது முறையான விற்பனை.

இனி இருக்கும் காரோடு வாழ்வது எப்படி என்று பார்ப்போம். பெரிய வண்டி வேண்டும் என்ற எண்ணம் தவறில்லை. மூட்டு வலியுள்ள அம்மாவையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு யார்தான் அதை நினைக்க மாட்டார்கள்? ஆனால் ஏழு சீட்டு தினசரி தேவையா, வருடத்தில் சில நாள் தேவையா என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் குடும்பம் குழந்தையோடு சேர்த்து ஐந்து பேர். முன்னால் அம்மா, பின்னால் ஒரு ஓரத்தில் கைக்குழந்தையின் இருக்கை, மறு ஓரத்தில் மகளின் இருக்கை, நடுவில் மனைவி. இடுக்கமாகத்தான் இருக்கும். காசிமேட்டுக்கோ, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ, வடிவுடையம்மன் கோயிலுக்கோ போய்வர அது போதும். நெடுந்தூரத்துக்குப் போதாது. ஊர்ப் பயணத்துக்கு டிரைவரோடு ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள். ஷோரூம் திட்டத்தில் நீங்கள் கூடுதலாகக் கட்டவிருந்தது மாதம் 14,110, வருடத்துக்கு 1.69 லட்சம். அதில் சிறு பங்குதான் பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போய்வர ஆகும்.

தனியாகப் போகிற வேலைகளுக்கு, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ உங்கள் தேரடியிலேயே நிற்கிறது. பிரசவ நேரத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள் என்றால், இருக்கும் கார் அதற்குத் தாராளம், 108-ம் இருக்கிறது.

புதுக் கார் வேண்டாம் என்கிற நான் ஒன்றை மட்டும் கட்டாயம் வாங்கச் சொல்வேன். பிரசவத்துக்கு முன்பே குழந்தைக்கு ஒரு சைல்டு சீட் வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காகச் சொல்லவில்லை. மடியில் வைத்திருக்கும் குழந்தையை, சடன் பிரேக்கில் எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. கைக்குழந்தையின் இருக்கை வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்டு, உங்கள் காரிலேயே பொருத்திப் பாருங்கள். மகளின் இருக்கையையும் பக்கத்தில் வைத்து, மனைவியை நடுவில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். அகலம் குறைவான மாடலாகத் தேர்ந்தெடுத்தால் இந்தக் காரிலேயே சமாளிக்கலாம்.

கடனைக் கரைக்கும் வழி இது. மாதம் 14,000 கூடுதலாகக் கட்டத் தயாராக இருந்த நீங்கள், 5,000 மட்டும் தனியாக ஒரு ஆர்.டி.யில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த 30,000-ஐ அசலில் கட்டுங்கள். பகுதித் தொகையை முன்கூட்டியே கட்ட எத்தனை முறை அனுமதி, கட்டணம் உண்டா என்று கடன் கொடுத்தவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டும்போது "தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா?" என்பார்கள். காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இப்படிச் செய்தால் 2027 ஜூனில் பாக்கி சுமார் 2.96 லட்சமாக இருக்கும். கூடுதலாக எதுவும் கட்டாவிட்டால் அப்போதும் 3.91 லட்சம் நிற்கும். நன்றாகப் பராமரித்த உங்கள் வண்டி அன்றைக்கு 3.3 முதல் 3.5 லட்சம் வரை போகும் என்பது என் மதிப்பீடு. முன்முடிப்புக் கட்டணம் போனாலும் கடன் முடிந்து கையில் கொஞ்சம் மிஞ்சும். அதற்குள் மனைவியும் வேலைக்குத் திரும்பியிருப்பார்.

பிரசவத்துக்கு வைத்திருக்கும் 90,000-ஐ மட்டும் தொடாதீர்கள். கடனில் போட்ட பணம் நள்ளிரவில் மருத்துவமனை கவுன்டரில் திரும்பி வராது. மனைவியின் பள்ளியில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், சம்பளத்தோடு 26 வார மகப்பேறு விடுப்பு அவருடைய உரிமை. ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் 22,000 வந்தால் மேலே சொன்ன கணக்கு இன்னும் லேசாகும்.

வண்டியின் விலையைக் காப்பாற்றுவது இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. நம் பக்கம் கார்களைத் தின்பது கடல் காற்றும் சாம்பலும். அத்திப்பட்டு அனல் மின் நிலையப் பக்கத்திலிருந்து வரும் தூள் ராத்திரியில் பானெட்டில் படிந்திருக்கும். காலையில் அதை உலர்ந்த துணியால் துடைத்தால் பெயின்ட் முழுக்கக் கோடு விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் துடையுங்கள். கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணடைத்துக்கொண்டால் உள்ளே நின்ற உப்புத் தண்ணீர் அடியிலிருந்து அரிக்கும். ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அந்தக் குழியில் ஈரமோ வண்டலோ இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி பார்க்க வரும் விவரமான ஆள் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் எர்ணாவூர், எண்ணூர் பக்கமெல்லாம் புகுந்ததை ஊரே பார்த்தது. அதனால் இந்தப் பகுதி முகவரி என்றாலே "தண்ணியில நின்ன வண்டியா?" என்ற கேள்வி வரும். நிற்கவில்லை என்றால், அந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் செய்த சர்வீஸ் பில்களைப் பத்திரப்படுத்துங்கள். பேரம் பேசும்போது அவைதான் பேசும்.

இன்சூரன்ஸிலும் ஒரு வேலை இருக்கிறது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு என்று கணக்காகும். அப்போது இன்சூரன்ஸ் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். 30 சதவீதத் தேய்மானம் போக உங்கள் ஐ.டி.வி. இப்போது 4.69 லட்சம் அளவில் இருக்கலாம், பாக்கியோ 5.47 லட்சம். வண்டியும் இல்லாமல் 78,000 கடனும் கட்ட வேண்டி வரும். வரும் ஜூனில் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறையும் என்பதற்காக ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட விடாதீர்கள். 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' (முழு இழப்பில் வண்டியின் பில் விலையைத் தரும் கூடுதல் பாதுகாப்பு) கிடைக்குமா என்று கேளுங்கள். பல கம்பெனிகள் 3 வயது வரைதான் தருகின்றன, சில அதற்கு மேலும் தருகின்றன. தண்ணீர் புகுந்து என்ஜின் போனால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரிக்கும், ஆகவே என்ஜின் பாதுகாப்பு சேர்ப்பதை நம் பக்கத்துக்காரர்கள் யாரும் தவிர்க்கக் கூடாது.

2027-ல் பெரிய வண்டி பார்க்கப் போகும்போது இரண்டு கோடுகளை மனதில் வையுங்கள். ஒன்று நீளம். 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய என்ஜின் ஏழு சீட்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ரெனோ ட்ரைபர் அதற்குள் வருகிறது. கடைசி வரிசை சீட்டைக் கழற்றி வைத்துவிடலாம். 4 மீட்டரைத் தாண்டும் எர்டிகாவுக்கு 40 சதவீதம். மற்றொன்று, விலை. 2023 நவம்பரில் தமிழக அரசு மாற்றியமைத்த ஆயுட்கால வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.95 லட்சத்து வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம். 10.05 லட்சத்து வண்டிக்கு 1.81 லட்சம். பத்தாயிரம் ரூபாய் வேறுபாட்டில் அரை லட்சம் வரி. நீங்கள் புக் செய்திருக்கும் 10.90 லட்சத்து வண்டியின் வரி மட்டும் 1.96 லட்சம். அந்தப் பணமும் கடனில்தான் ஏறவிருந்தது. மூன்று நான்கு வருடம் ஓடிய ஏழு சீட்டராக வாங்கினால், இந்த வரியும் முதல் வருடங்களின் பெரும் தேய்மானமும் முந்தைய உரிமையாளரோடு போய்விடும். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி சற்றுக் கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

எதை வாங்கினாலும் வரி, இன்சூரன்ஸ், அலங்காரச் சாமான் மூன்றுக்கும் கையிலிருந்து கொடுங்கள். வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கையும் போடுங்கள். கடனை 60 மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த உண்மையான வட்டி அதில் இருக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். மாறும் வட்டியில் கிடைத்தால் அதையும் பரிசீலியுங்கள். 2026 ஜனவரி 1 முதல் தனிநபர் தேவைக்குக் கொடுக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களுக்கு முன்முடிப்புக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் 2023 கடனுக்கு அது பொருந்தாது.

இரட்டைக் குழந்தை என்று ஸ்கேனில் வந்தாலோ, அம்மா சக்கர நாற்காலியோடு வாரம் பல முறை போய்வர வேண்டியிருந்தாலோ எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது துண்டு விழும் தொகையைக் கையிலிருந்து கட்டி, பழைய ஏழு சீட்டர் ஒன்றை வாங்கும் வழியைப் பார்க்கலாம்.

வீட்டில் ஆசைப்பட்டவர்களிடம் மேலே உள்ள 13 லட்சம், 8.72 லட்சம் என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். முக்கியமாக மனைவியிடம் காட்டுங்கள். வேலையில்லாத வருடத்தில் இந்தக் கடனின் பாரம் அவர் மேலும் விழும் என்பதால் முடிவில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு.

நாளைக்கே ஷோரூமுக்குப் போய், புக்கிங் ரசீது நகலோடு ரத்துக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ரசீதின் பின்பக்கத்தில் ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று அச்சடித்திருப்பார்கள், அதற்கு மேல் பிடிக்கச் சம்மதிக்காதீர்கள். இன்வாய்ஸ் போடுவதற்கு முன் இது நடந்தாக வேண்டும். வங்கிக்காரர் லோன் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருந்தால், கடனை விடுவிக்க வேண்டாம் என்று அவருக்கும் தனியாக எழுதிக் கொடுங்கள்.